மூச்சை அளந்த வகுப்பு

ஜூன் 21

என்னங்க,

நலம். நீங்களும் நலம் என்று நேற்றுப் போனில் சொன்னீர்கள். தொண்டை கட்டிய குரலில் சொன்னால் யார் நம்புவது? வெந்நீர் குடியுங்கள். போனில் நலம் விசாரிப்பு மட்டும், மற்றதெல்லாம் கடிதத்தில் என்று நாம் போட்ட ஒப்பந்தம் நன்றாகத்தான் வேலை செய்கிறது. கொஞ்ச நாளாகச் சண்டையே இல்லை. கடிதத்தில் சண்டை போட்டால் பதில் வருவதற்குள் எனக்கே கோபம் மறந்துபோகிறது.

புதுப் பாடப்புத்தகத்துக்கு நீங்கள் எழுதிய சுவாசப் பாடத்தை என் ஒன்பதாம் வகுப்பில் நடத்திப் பார்த்து உண்மையைச் சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் நுரையீரல் படம் ரோஜாப்பூ நிறத்தில் அம்சமாக இருக்கிறது. பிள்ளைகள் பார்த்துவிட்டு, "இது யாரோட நுரையீரல் டீச்சர்?" என்று கேட்டார்கள். நான் என்னவென்று சொல்ல? பாதிப் பேருக்கு அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கல்குவாரியில்தான் வேலை. எங்கள் வகுப்பு ஜன்னல் கட்டையைக் காலையில் துடைத்தால் மத்தியானம் விரலால் பேர் எழுதலாம். உங்களுக்குத் தெரியாததா? ஊரை விட்டுப் போன ஒரு வருஷத்துக்குள் மறந்துபோயிருந்தால்தான் சொல்கிறேன்.

அதனால் புத்தகத்தை மூடிவிட்டு, தூசிக்கு வீட்டில் என்ன வைத்தியம் செய்கிறார்கள் என்று கேட்டேன். வகுப்பே எழுந்து நின்று கத்தியது. ஈரத்துணி கட்டுவார்களாம். காற்றுக்கு முதுகு காட்டி நிற்பார்களாம். வேலை முடிந்ததும் ஒரு வாழைப்பழம் தின்றால் நெஞ்சுத் தூசியெல்லாம் வயிற்றுக்கு இறங்கிவிடுமாம். உணவுக்குழாய் வேறு, மூச்சுக்குழாய் வேறு என்று கரும்பலகையில் வரைந்தேன். கடைசி பெஞ்சுப் பயல் ஒருத்தன் முகம் சிவந்துபோய், "அப்போ எங்க அப்பா பொய் சொல்றாரா?" என்றான். இல்லைடா, ஒவ்வொன்றையும் நாமே சோதித்துப் பார்ப்போம் என்றேன். அட்டையில் வாஸ்லின் தடவி, குவாரி வேலியில் காற்றுக்கு முதுகு காட்டி ஒன்று, காற்றைப் பார்த்து ஒன்று கட்டினோம். ஒரே நாளில் முதுகு காட்டியது வெள்ளை, மற்றது சாம்பல். முதுகு காட்டுவது சரிதான் என்று அந்தப் பயல் தன் அப்பாவையே ஜெயிக்க வைத்த மாதிரி குதித்தான். வாழைப்பழத்தை மெதுவாக இறக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் பெற்றோர் கூட்டத்தன்று ஒரு வேலை செய்தேன். ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேனில் கோடு போட்டு, தண்ணீர் நிரப்பி, தொட்டியில் கவிழ்த்து, உள்ளே ரப்பர் குழாய் விட்டோம். மூச்சை இழுத்து ஒரே தம்மில் ஊதினால் எவ்வளவு தண்ணீர் வெளியேறுகிறதோ அவ்வளவு மூச்சு. பிள்ளைகள் ஊதினார்கள், அப்பா அம்மாக்கள் ஊதினார்கள், ஹெச்.எம். கூட ஊதினார்கள். பென்சில் தெரியுமில்லையா? டிரில் மெஷின் ஓட்டுகிறவரின் மகள், எப்போதும் தலையில் பென்சிலைச் செருகிக்கொண்டு திரிகிறவள். அவள் கோட்டை அவள் அப்பாவால் எட்டவே முடியவில்லை. "அப்பாவ ஜெயிச்சுட்டா!" என்று கூடமே கை தட்டியது. அவரும் இருமிக்கொண்டே சிரித்தார். எல்லாருடைய பேரையும் அளவையும் போட்டுப் பென்சில் பெரிய சார்ட் வரைந்தாள். கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டோம். இத்தனை அழகான சார்ட் நம் பள்ளிக்கூடச் சுவர் பார்த்ததில்லை.

நீங்கள் இருந்திருக்க வேண்டும். அதைத்தான் அன்றைக்கு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் வாயாடி


ஜூலை 6

என் வாயாடிக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் பிரித்தது தப்பு. வாழைப்பழ இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசை கணக்குப் பாடக்காரர் எட்டிப் பார்த்தார். "வீட்டுக் கடிதமா?" என்றார். ஆமாம் என்றேன். "அதில் என்ன படம் வரைந்திருக்கிறது?" என்றார். கேன் படம் என்றேன். மனிதர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். மனைவி கணவனுக்குக் கேன் படம் வரைந்து அனுப்புகிற குடும்பம் நம்முடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

நீ சொன்னது சுருக்கென்று தைத்தது. ரோஜாப்பூ நுரையீரல் யாருடையது என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. உன் கேன் பாடத்தை அப்படியே எழுதிக் குழுவில் வைக்கப்போகிறேன். சார்ட்டின் மாதிரியும் வேண்டும். பென்சில் வரைந்ததை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பேர்களை அடித்துவிட்டுப் போடுகிறேன்.

அறை அப்படியேதான் இருக்கிறது. மாடிப்படிக்கு அடியில், ஒரு ஜன்னல், அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். சமையலில் நான் தேறிவிட்டேன் என்று நீ நினைத்தால் அது உன் நல்ல மனசு. சாயங்காலம் இங்கே எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். எனக்குப் போக அவசரம் இல்லாததால் விளக்கை அணைக்கிற வேலை என் தலையில். அந்த நேரத்தில்தான் நீ ஸ்கூலிலிருந்து வந்து செருப்பை மூலைக்கொன்றாகக் கழற்றிப் போடுவாய். அதைத் திட்டுவதற்குக்கூட இங்கே ஆள் இல்லை.

வருஷக் கடைசியில் இந்த டெபுடேஷன் முடிகிறது. சீக்கிரம் வந்துவிடுகிறேன். அதுவரை என் அறையில் உன் பழைய தாள்களைக் கொட்டி வைக்காதே.

உன் முணுமுணு வாத்தியார்

(இங்கே யாருக்கும் அந்தப் பட்டப்பேர் தெரியாது. பிள்ளைகளுக்குக் கேட்காத குரலில் பாடம் நடத்திய ஆள் என்று சொன்னால் நம்பவே மாட்டார்கள். கூட்டத்தில் நான் பேசினால் கடைசி நாற்காலி வரை கேட்கிறது!)


ஆகஸ்ட் 12

என்னங்க,

இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பென்சிலின் அப்பாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். குவாரி சூப்பர்வைசர் தன் மகனுக்கு டி.சி. வாங்க வந்திருக்கிறார். ஹெச்.எம். அறைக்கு வெளியே காத்திருந்த நேரத்தில் சுவரில் இருந்த சார்ட்டைப் படித்திருக்கிறார். நிதானமாக, மேலிருந்து கீழே. பள்ளிக்கூட ஆயா பார்த்தார்களாம். "'நல்லா வரைஞ்சிருக்காங்க'ன்னு பாராட்டிட்டுப் போனாரு டீச்சர்" என்று என்னிடம் வந்து சொன்னார்கள். நானும் பெருமைப்பட்டேன். அந்த வாரமே, உடம்பு தாங்காதவரை டிரில்லில் வைக்க முடியாது, ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். சார்ட்டில் கடைசியாக இருந்த இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு எச்சரித்திருக்கிறார்கள்.

குவாரிக்காரர்களுக்கு அவர் இருமுவது தெரியாதா? தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அதைக் கோடு போட்டு, வண்ணம் அடித்து, ஆணி அடித்து மாட்டிவிட்டேன். பிள்ளைகள் எதைச் செய்தாலும் சுவரில் மாட்டுகிற புத்தி வாத்தியாருக்குத்தானே வரும்! பெரிய அறிவாளி மாதிரி ஊரைப் பாடமாக்குகிறேன் என்று கிளம்பினேன். அந்த ஊரில் யார் யாருக்குப் பயந்து வாழ்கிறார்கள் என்பதும் பாடத்தில் சேர்த்திதான் என்று எனக்குத் தோன்றவில்லை.

பென்சில் ஸ்கூலுக்கு வரவில்லை. அவள்தானே வரைந்தாள். அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா கதவைத் திறந்தார்கள். உட்காரச் சொல்லவில்லை. "நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க டீச்சர். ஆனா எங்களுக்கு நல்லதா வரலையே" என்றார்கள். திட்டியிருந்தால் தேவலை. வகுப்பில் இப்போது நான் எதைக் கேட்டாலும் பிள்ளைகள் வீட்டுப் பேச்சை எடுப்பதில்லை. "புக்குல என்ன போட்டிருக்கோ அதுதான் டீச்சர்" என்கிறார்கள். வாய் ஓயாத வகுப்பு அது.

இரண்டு நாள் வந்துவிட்டுப் போங்களேன். எனக்கு எதுவும் செய்து தர வேண்டாம். பக்கத்தில் இருந்தால் போதும். யாரிடமும் வாய் திறக்க முடியாமல் வீட்டுக்கு வந்து உங்கள் அறை நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன்.

உங்கள்
(வாயாடி என்று எழுதக் கை கூசுகிறது)


ஆகஸ்ட் 24

என் அன்பே,

உன் கடிதம் படித்ததிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை. உடனே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பத்தான் நினைத்தேன். ஆனால் மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் பிரதி அச்சுக்குப் போக வேண்டும். இயக்குநர் யாருக்கும் லீவு இல்லை என்று சொல்லிவிட்டார். இது சாக்கு மாதிரி இருக்கிறது என்று எனக்கே தெரிகிறது.

நீ எந்தத் தப்பும் செய்யவில்லை. அவரை நிறுத்தியது குவாரி, நீ இல்லை. தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. விசாரித்துத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கச் சொல். தூசியால் வந்தது என்று டாக்டர் எழுதித் தந்தால் அதற்கு ஒரு பலம் இருக்கிறது.

இன்னொன்று. உன் பாடத்தை நேற்றுக் குழுவில் படித்தேன். படித்து முடித்ததும் கை தட்டினார்கள். இந்தப் புத்தகத்திலேயே உயிருள்ள பக்கம் இதுதான் என்றார் இயக்குநர். நான் வர முடியாவிட்டாலும் உனக்காகத்தான் இங்கே மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொள். சீக்கிரம் வந்துவிடுகிறேன்.

உன் முணுமுணு


செப்டம்பர் 3

என்னங்க,

சட்டத் தாளுக்கு நன்றி. உபயோகமாக இருந்தது. நான் கேட்டது உங்களை.

கை தட்டினார்களா? இங்கேயும்தான் தட்டினார்கள். அந்தப் பக்கத்தில் "அளவுகளைச் சார்ட்டாக எழுதி வகுப்பில் மாட்டுக" என்ற வரி இருக்கிறதா இல்லையா? இருக்கிறது. எனக்குப் பார்க்காமலே தெரியும், நான்தானே உங்களுக்கு எழுதி அனுப்பினேன். எத்தனை ஊரில் எத்தனை குவாரி, எத்தனை மில், எத்தனை சாயப்பட்டறை! எல்லா ஊரிலும் ஒரு பென்சில் இருப்பாள், ஆசை ஆசையாக வரைவாள். அந்த வரியை எடுங்கள். எடுக்க முடியாதென்றால் பாடத்தையே எடுங்கள்.

நேற்றுக் குவாரி குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பென்சில் வீட்டுச் சாமான்கள் தெருவில் கிடந்தன. நான் போய் நம் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். உங்கள் அறையில்தான் இருக்கிறார்கள். கேட்காமல் செய்தேன். கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பீர்கள் என்ற தைரியம்தான்.

எனக்கு உங்கள் மேல் கோபம். கோபம் இருக்கும்போதும் உங்கள் பக்கத்திலும் ஒரு தலையணை போட்டுத்தான் படுக்கிறேன். இதையும் எழுதாவிட்டால் கடிதம் பொய்யாகிவிடும்.

உங்கள் வாயாடி


அக்டோபர் 9

என் வாயாடிக்கு,

முதலில் இந்தக் கடிதத்தோடு இருக்கும் பக்கத்தைப் படி. பிறகு இதைப் படி.

படித்தாயா? சார்ட் போய்விட்டது. பேரும் போய்விட்டது. அவரவர் மூச்சை அவரவர் மட்டும் அளந்து மனசில் வைத்துக்கொள்வது, ஓடிவிட்டு மறுபடி அளப்பது, அவ்வளவுதான். பெரியவர்களை அளக்கவே கூடாது. ஆசிரியருக்கான குறிப்பில் ஏன் என்றும் எழுதியிருக்கிறேன்: "ஒருவருடைய உடம்பைப் பற்றிய செய்தி அவருடைய பிழைப்பைப் பறிக்கலாம்." வாஸ்லின் அட்டை இருக்கிறது. வீட்டில் சொல்வதைப் பிள்ளைகள் வெட்கப்படாமல் சொல்லவும், அதைச் சோதித்துப் பார்க்கவும் இடம் விட்டிருக்கிறேன். அச்சகத்தில் போய் நின்று மாற்றினேன். இயக்குநர் சத்தம் போட்டார். நானும் போட்டேன். நான்! நீ பார்த்திருந்தால் மயக்கம் போட்டிருப்பாய்.

சத்தம் போட்ட மறுவாரம் அவரே கூப்பிட்டார். திட்டத்தான் என்று போனால், நிரந்தர வேலை தருகிறேன், இருந்துவிடுங்கள் என்கிறார்.

உடனே சரி சொல்லவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். பிறகு சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். கேட்டிருந்தால் வேண்டாமென்று நீ சொல்லியிருக்கமாட்டாய், அது எனக்குத் தெரியும், அதனால்தான் கேட்கப் பயமாக இருந்தது. நம் ஊர் வகுப்பறையில் பதினோரு வருஷம் நின்றேன். காலையில் சட்டைப் பொத்தான் போடும்போதே கை நடுங்கும். உனக்குத் தெரியும், நீதான் போட்டுவிடுவாய். இங்கே நடுங்குவதில்லை. எழுதுகிறேன், பேசுகிறேன், நான் சொல்வதைக் கேட்கிறார்கள். இதை விட்டுவிட்டு வந்தால் நல்லவனாக இருப்பேன், சந்தோஷமாக இருக்கமாட்டேன்.

அதனால் நீ வா. இங்கே இருக்கிற பெண்கள் பள்ளியில் உயிரியலுக்கு ஆள் தேடுகிறார்கள், ஜூனில் சேரலாம். நல்ல லேப், குழாயைத் திறந்தால் தண்ணீர். புது வீடும் பார்த்துவிட்டேன். இரண்டு அறை, சமையலறையில் வெயில் வருகிறது. கட்டில் வாங்க வேண்டும். கடைக்காரர் ஒற்றைக் கட்டிலா, இரட்டைக் கட்டிலா என்கிறார். வீட்டுக்காரியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

எழுது. சீக்கிரம் எழுது. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. நீ பேசிக்கொண்டே இருக்க, நான் நடுவில் புகுந்து ஒரு வார்த்தை பேச முடியாமல் தவிக்க வேண்டும் போலிருக்கிறது.

உன் முணுமுணு


நவம்பர் 2

என்னங்க,

பக்கத்தைப் படித்தேன். என் பாடத்தைவிட உங்கள் பாடம் நல்ல பாடம். நான் கூடத்தில் நின்று கத்திச் செய்ததை நீங்கள் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து, யாருக்கும் அடிபடாமல் செய்துவிட்டீர்கள். ஹெச்.எம். ஆசிரியர் குறிப்பை இரண்டு தடவை படித்துவிட்டு, "உன் வீட்டுக்காரரா இப்படி எழுதினார்!" என்றார்கள். ஆமாம் என்று தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே பெட்டியை இறக்கித் தூசி தட்டினேன். வெயில் வருகிற சமையலறை என்று எழுதினீர்களே, அந்த வரியைப் படித்துவிட்டுத் துணியெல்லாம் மடிக்க ஆரம்பித்துவிட்டேன். பாதிப் பெட்டி நிறைந்தது. ஆசைக்கு ஒரு குறைச்சலும் இல்லை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

பென்சிலின் அப்பாவுக்கு எக்ஸ்ரே எடுத்தாயிற்று. தூசிதான், டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். இனி வேலைக்குப் போக முடியாது. பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "டீச்சர், எங்காளுங்க வந்திருக்காங்க. வெளிய நிக்கிறாங்க" என்றார். போய்ப் பார்த்தால் குவாரி ஆட்கள், பெண்கள் உட்பட, தெரு நிறைய. எச்சரிக்கை வாங்கிய இரண்டு பேரும் இருந்தார்கள். என்னைத் திட்டத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அவர்களில் ஓர் அம்மா முன்னால் வந்து, "அந்தக் கேனை எடுங்க டீச்சர். எல்லாரும் ஊதறோம். பேரு போட வேணாம், சுவத்துல மாட்ட வேணாம். மொத்தமா எங்க மூச்சு எவ்வளவுன்னு எழுதி மனுவோட வைக்கணும். ஒருத்தரை நிறுத்தினா நிறுத்தலாம், அத்தனை பேரையும் எப்படி நிறுத்துவாங்க?" என்றார்கள். "நீங்க கூட நிக்கணும்" என்றார்கள்.

நம் வாசலில் வைத்தே ஊதினார்கள். பென்சில்தான் கோடு பார்த்தாள். எழுதவில்லை. அளவை என் காதில் மட்டும் சொன்னாள். கடைசி பெஞ்சுப் பயலின் அப்பா ஊதிவிட்டு, "இனிமே வாழைப்பழம் சும்மா ருசிக்குத்தானா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்ததில் பாதிப் பேருக்கு இருமல் வந்துவிட்டது.

தொழிலாளர் அலுவலக விசாரணை தொடங்கி முடிய ஒரு வருஷமோ, இரண்டு வருஷமோ. தூசி கிளம்பாமல் தண்ணீர் தெளித்துத் துளை போட வைக்க வேண்டும், பென்சிலின் அப்பாவுக்கு இழப்பீடு வாங்க வேண்டும். மனுவில் மூச்சை அளந்தவர் என்று என் பேர் இருக்கிறது. நான் ஜூனில் கிளம்பினால் அது வெறும் தாள். யாரும் என்னைப் பிடித்து வைக்கவில்லை. பென்சிலின் அம்மாவே, "நீங்க உங்க வீட்டுக்காரர்ட்ட போங்க டீச்சர், நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். எனக்குத்தான் இங்கே இருக்க வேண்டும். உங்களுக்கு அங்கே எப்படியோ, எனக்கு இங்கே அப்படி. பிள்ளைகள் மறுபடி வீட்டுப் பேச்சைப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அந்தச் சத்தத்தை விட்டுவிட்டு வந்தால் உங்கள் சமையலறை வெயிலில் நான் நல்ல மனைவியாக உட்கார்ந்திருப்பேன். நல்லவனாக இருப்பேன் என்று நீங்கள் எழுதிய வரியின் மீதியை நான் எழுத வேண்டாம்.

ஒற்றைக் கட்டிலே வாங்குங்கள்.

உங்களை வரச் சொல்லியும் எழுதப்போவதில்லை. சட்டைப் பொத்தானை நீங்களே போட்டுக்கொள்கிறீர்கள் என்று படித்தபோது அழுகையாக வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அதைப் பறிக்க எனக்கு மனசில்லை. "சீக்கிரம் வந்துவிடுகிறேன்" என்று மட்டும் இனிமேல் எழுதாதீர்கள். நீங்கள் ஒரு பேச்சுக்கு எழுதுகிறீர்கள், நான் நாலு நாள் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

கடிதம் போடுங்கள். புதுப் பாடம் எழுதினால் அனுப்புங்கள், நடத்திப் பார்த்து உண்மையைச் சொல்கிறேன். லீவு கிடைத்தால் கட்டாயம் வாருங்கள், ஸ்டேஷனுக்கே வந்து நிற்பேன். கிளம்புவதற்கு முன்னால் மட்டும் ஒரு வார்த்தை எழுதிவிடுங்கள். உங்களுக்கு ஓர் அறை ஒழித்து வைக்க வேண்டும்.

உங்கள்
வாயாடி